பிஸ்டன் சீஸ் ஆனால் பில் யாருக்கு? - என்ஜின் வேலை உத்தரவாதத்தின் கதை

வத்தலக்குண்டிலிருந்து தேனிக்குப் போகும் பஸ் தேவதானப்பட்டியைத் தொடுவதற்கு முன்னால் காட்ரோடு என்ற பிரிவு வரும். வலது பக்கம் திரும்பினால் கொடைக்கானல் மலைப்பாதை. நேராகப் போனால் தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி. அதற்கும் அப்பால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இன்னும் மூன்று ஏற்றங்கள். சமவெளியில் எப்படியோ சமாளித்து ஓடும் என்ஜின் இந்த ஏற்றங்களில் தன் குணத்தைக் காட்டிவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் "என்ஜின் வேலை" என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். அந்த வேலை முடிந்த சில நாளில் மலையில் வண்டி நின்றால் வரும் சண்டையும் தெரியும்.

சண்டை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, இத்தனை ஆயிரம் செலவு பண்ணி முழுசா என்ஜின் இறக்கி வேலை பார்த்தோம். ஒரு மாசம் தாங்கலையே" என்பார் வண்டிக்காரர்.

"ரன்னிங் இன்ல மலை ஏத்தாதீங்கன்னு சொன்னேன்ல? ஆயில் பார்த்தீங்களா, தண்ணி பார்த்தீங்களா?" என்பார் மெக்கானிக்.

மெக்கானிக் உதிரிபாகக் கடைக்குப் போனால் "என்ஜின் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாது" என்று பதில் வரும். லேத் பட்டறைக்குப் போனால் "நீங்க சொன்ன அளவுக்குத்தான் போர் பண்ணிக் கொடுத்தேன்" என்று பதில் வரும். ஆக மொத்தம் நான்கு பேர், நான்கு நியாயம், நடுவில் ஓடாத ஒரு வண்டி.

பொழுதுபோக்குக்காகப் பழைய கார் வைத்திருப்பவருக்கு இது மனவருத்தம். அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரருக்கு இது அன்றாடச் சோறு. மெக்கானிக்குக்கோ பல மாதச் சம்பாத்தியம். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்டம் எப்படி யோசித்தது? அதற்கு ஏறக்குறைய 90 வருட வரலாறு இருக்கிறது. கேட்க சுவாரஸ்யமான வரலாறுதான்.

என்ஜின் வேலை என்றால் என்ன?

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். அது புரிந்தால்தான் வழக்கு புரியும்.

1957 முதல் 2014 வரை இந்தியாவில் தயாரான அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெகுகாலம் இருந்தது 1489 சிசி பெட்ரோல் என்ஜின். சிலிண்டருக்குள் பிஸ்டன் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும்போது சிலிண்டர் சுவர் தேயும். தேய்மானம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஆயில் மேலே ஏறி எரியும், புகை வரும், இழுவை குறையும்.

இதற்கு வைத்தியம், என்ஜினை இறக்கி, லேத் பட்டறையில் சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய சைஸ் பிஸ்டன் போடுவது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு என்று சைஸ் ஏறிக்கொண்டே போகும். கிராங்க் ஷாஃப்டையும் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் செட் போட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல கார்களில் ரெடிமேட் பேரிங்கே கிடையாது. வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறியபின் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கை இன்று மிகச் சிலரிடம்தான் இருக்கிறது.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரண்டு பங்குதான். மனிதத் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு வரும். அப்படியென்றால் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக வேலை பார்த்த என்ஜின் ஏன் போகிறது? காரணங்களை வரிசைப்படுத்தலாம்.

1. இடைவெளி இறுக்கமாக இருந்தால், சூட்டில் பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் "சீஸ்".
2. ஆயில் போகும் துளைகளில் இரும்புத் தூள் தங்கிவிட்டால் பேரிங் எரியும்.
3. ஹெட் போல்ட்டுகளைச் சரியான வரிசையில், சரியான இறுக்கத்தில் முடுக்காவிட்டால் கேஸ்கெட் போய் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும்.
4. ரேடியேட்டர் அடைத்திருந்து, "அதை இப்போ பார்க்க வேண்டாம், செலவு ஜாஸ்தி" என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தால் என்ஜின் சூடேறும்.
5. முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டிய வண்டியை முழுப் பாரத்தோடு மலை ஏற்றினாலும் போகும்.
6. மாற்றிய பாகத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் போகும்.

முதல் மூன்றும் வேலை செய்த கையின் தவறு. நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் வண்டிக்காரரின் பக்கம். ஆறாவதுதான் சிக்கல். அதில் மெக்கானிக்கும் தப்பு செய்யவில்லை, வண்டிக்காரரும் தப்பு செய்யவில்லை. ஆனால் என்ஜின் போய்விட்டது. நஷ்டம் யாருக்கு?

லண்டனில் உடைந்த கனெக்டிங் ராடு

இதே கேள்வி இங்கிலாந்தில் ஒரு நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கின் பெயர் ஜி.எச்.மையர்ஸ் எதிர் பிரென்ட் கிராஸ் சர்வீஸ் கம்பெனி. 1934ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு காரின் என்ஜினைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். பணிமனைக்காரர்கள் கார் தயாரிப்பாளரிடமிருந்தே கனெக்டிங் ராடுகளை வரவழைத்துப் போட்டார்கள். பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைப்பது இந்த ராடு. வண்டி ஓடும்போது ஒரு ராடு உடைந்தது. என்ஜின் சேதமானது. காரணம், ராடுக்குள் இருந்த மறைவான குறை. பணிமனைக்காரர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

"எங்கள் மேல் என்ன தப்பு? நல்ல இடத்தில் வாங்கினோம், ஒழுங்காக மாட்டினோம்" என்பது பணிமனையின் வாதம். சாதாரண மனிதருக்கு இது நியாயமாகத்தான் படும். ஆனால் நீதிமன்றம் பணிமனைதான் பொறுப்பு என்றது. வேலையும் செய்து பொருளும் போடுகிறேன் என்று ஒப்புக்கொள்பவர், அந்தப் பொருள் நல்ல தரமானது, அந்த வேலைக்கு ஏற்றது என்று வாய்விட்டுச் சொல்லாமலே உத்தரவாதம் தருகிறார். வேறு விதமாகப் பேசிக்கொண்டதாக ஒப்பந்தமோ சூழ்நிலையோ காட்டினால் மட்டும்தான் விலக்கு. இதுதான் நீதிபதி டு பார்க் சொன்ன விதி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் இரண்டு வாக்குறுதிகள் ஒளிந்திருக்கின்றன. வேலையைத் திறமையாகவும் கவனமாகவும் செய்வேன் என்பது ஒன்று. இதை மீறினார் என்று காட்ட, அவர் செய்த தவறைக் காட்ட வேண்டும். போடும் பொருள் நன்றாக இருக்கும் என்பது இன்னொன்று. இதற்குத் தவறு தேவையில்லை. பொருள் கெட்டது என்றாலே போதும்.

1952ல் வந்த இன்னொரு வழக்கு பழைய கார் பிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்டூவர்ட் எதிர் ரீவெல்ஸ் கராஜ் என்பது அதன் பெயர். ஒரு பழைய பென்ட்லி காரின் பிரேக் வேலையைக் கராஜ் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியை வெளியே வேறொரு கம்பெனியிடம் கொடுத்துச் செய்தது. பிரேக் சரியாக அமையாமல் கார் விபத்துக்குள்ளானது. வெளியாள் செய்த வேலை என்று கராஜ் தப்பிக்க முடியவில்லை. வண்டிக்காரர் நம்பியது கராஜின் திறமையை. எனவே கராஜே பொறுப்பு என்று தீர்ப்பானது. "லேத் பட்டறைக்காரன் பண்ணினது" என்ற நம்மூர்ப் பதிலுக்கு 1952லேயே பதில் சொல்லியாகிவிட்டது.

ஓடு சொன்ன பாடம்

சரி, தப்பே செய்யாத மெக்கானிக் மேல் ஏன் பாரத்தை ஏற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை 1968ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையிலிருந்து வந்தது. ஆனால் அது கார் வழக்கு இல்லை, கூரை ஓட்டு வழக்கு! யங் அண்ட் மார்ட்டன் எதிர் மெக்மானஸ் சைல்ட்ஸ் என்ற அந்த வழக்கில், "சாமர்செட் 13" என்ற குறிப்பிட்ட ஓட்டைத்தான் போட வேண்டும் என்று வேலை கொடுத்தவர்களே கேட்டிருந்தார்கள். அதைத் தயாரித்தது ஒரே ஒரு கம்பெனி. போட்ட ஓடுகள் நாளடைவில் கெட்டுப்போயின.

வேலை கொடுத்தவர்களே பிராண்டைத் தேர்ந்தெடுத்ததால், இந்த ஓடு இந்தக் கூரைக்குப் பொருந்துமா என்ற கவலை ஒப்பந்தக்காரருக்கு இல்லை. ஆனால் வந்த ஓடு தரமானதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு அவரை விட்டுப் போகவில்லை. காரணம் ஒரு சங்கிலி. வீட்டுக்காரருக்கும் ஓடு தயாரித்தவருக்கும் இடையே ஒப்பந்தம் கிடையாது. அவர் நேராகத் தயாரிப்பாளர் மேல் போக முடியாது. ஒப்பந்தக்காரருக்கோ கடைக்காரரோடு ஒப்பந்தம் உண்டு. கடைக்காரருக்குத் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரிடம் வசூலித்துக்கொண்டே போனால், கடைசியில் பாரம் உண்மையிலேயே குறை செய்தவரிடம் போய்ச் சேரும். நடுவில் இருப்பவர் பாரத்தைக் கைமாற்றிவிடுகிறார், அவ்வளவுதான்.

அதே நேரத்தில் வந்த குளோஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சில் வழக்கில் முடிவு வேறு மாதிரி ஆனது. அங்கே கான்கிரீட் தூண்களை யாரிடம், என்ன நிபந்தனையில் வாங்க வேண்டும் என்பதையும் வேலை கொடுத்தவரே முடிவு செய்துவிட்டார். விற்பவர் தன் பொறுப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அதை மறுக்கும் உரிமை ஒப்பந்தக்காரருக்கு இல்லை. சங்கிலி மேலே அறுந்துவிட்டதால் அவர் மேல் பாரம் ஏற்றவில்லை. பழைய காருக்கு எங்கேயோ தேடிப்பிடித்த பிஸ்டனை உரிமையாளரே கொண்டுவந்து "இதைத்தான் போடணும்" என்று கொடுத்தால், மெக்கானிக்கின் பொறுப்பு ஏன் குறைகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

மெட்ராஸிலிருந்து போன கேள்வி

இந்தியாவுக்கு வருவோம். இங்கே 1872ன் ஒப்பந்தச் சட்டமும் 1930ன் சரக்கு விற்பனைச் சட்டமும்தான் அடித்தளம். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் என்ஜின் வேலையில் போட்ட பிஸ்டன் "விற்கப்பட்டதா", இல்லை வேலையின் ஒரு பகுதியா?

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பழக்கமான வழக்கு ஒன்று இங்கே வருகிறது. மெட்ராஸ் மாநிலம் எதிர் கேனன் டங்கர்லி, 1958. கட்டட ஒப்பந்தத்தில் பயன்படுத்திய பொருள்களுக்கு மெட்ராஸ் அரசு விற்பனை வரி கேட்டது. பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் பொருள் விற்பனை என்று தனியாக எதுவும் இல்லை, எனவே வரி போட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இதை மாற்ற 1982ல் அரசியலமைப்பின் 46வது திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் திருத்தமும் வரிக்காகத்தான். பணிமனை பில்லில் "பார்ட்ஸ்" ஒரு வரி, "லேபர்" ஒரு வரி என்று பிரித்து எழுதும் பழக்கத்துக்குப் பின்னால் இந்த மாதிரி வரிக் கதையும் உண்டு.

வண்டிக்காரருக்கோ இந்தப் பட்டிமன்றத்தால் பயன் இல்லை. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால் கோர்ட் கட்டணம், வக்கீல், வருடக்கணக்கில் வாய்தா. என்ஜின் வேலைக்கு ஆன செலவைவிட வழக்குச் செலவு ஜாஸ்தி ஆகிவிடும். 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நிலைமை மாறியது. பொருளில் குறை என்றாலும் சரி, சேவையில் குறைபாடு என்றாலும் சரி, ஒரே இடத்தில் புகார் கொடுக்கலாம். பிஸ்டன் பொருளா சேவையா என்ற கேள்வியின் கூர்மை மழுங்கிவிட்டது.

கோவை இயந்திரமும் ஜீப் டிரைவரும்

ஆனால் புதிய சட்டத்திலும் ஒரு கதவு மூடியிருந்தது. வியாபார நோக்கத்துக்காக வாங்குபவர் "நுகர்வோர்" ஆக மாட்டார். அப்படியானால் ஜீப் ஓட்டிப் பிழைப்பவர்?

இதற்கு விடை தந்த வழக்கில் ஒரு பக்கம் நின்றது தமிழ்நாட்டு நிறுவனம். 1995ல் வந்த லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கு அது. கோவையிலிருந்து வாங்கிய கடைசல் இயந்திரத்தில் குறை என்று மகாராஷ்டிராவில் புகார். மாநில ஆணையம் வாங்கியவருக்குச் சாதகமாகச் சொன்னது. தேசிய ஆணையம், இது வியாபார நோக்கம் என்று தள்ளியது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

தோற்றவருக்கு அது நஷ்டம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பில் சொன்ன விளக்கம் லட்சக்கணக்கானவர்களுக்கு உதவியது. டாக்ஸி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். லேத் வாங்கித் தானே நின்று வேலை செய்பவரும் நுகர்வோர்தான். ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர் நிலை வேறு. சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு என்று 1993ல் சட்டத்திலேயே விளக்கம் சேர்த்திருந்தார்கள். அதற்கு உயிர் கொடுத்தது இந்தத் தீர்ப்பு. ஆக, தன் ஜீப்பைத் தானே ஓட்டி ஆள் ஏற்றும் தேனி மாவட்டத்துக்காரர் புகார் கொடுக்கலாம். ஐந்து ஜீப் வாங்கி ஐந்து டிரைவர் வைத்திருப்பவருக்கு அந்த வாசல் கடினம்.

வாரண்டி அட்டையில் இருப்பது என்ன?

புது கார் கம்பெனிகளின் வாரண்டி வேறு வரலாறு. அமெரிக்காவில் 1955 மே மாதம் வாங்கிய ஒரு புது பிளிமத் கார், வாங்கிய 12ஆம் நாள் ஸ்டியரிங் போய்ச் சுவரில் மோதியது. அப்போதைய வாரண்டி 90 நாள் அல்லது 4,000 மைல். கெட்ட பாகத்தை மட்டும் மாற்றித் தருவோம், வேறு எந்தப் பொறுப்பும் இல்லை என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். 1960ல் ஹென்னிங்சென் வழக்கில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. எல்லாக் கம்பெனியும் ஒரே நிபந்தனையைத்தான் தருகிறது, வாங்குபவருக்குப் பேரம் பேச வழியே இல்லை, எனவே அது உண்மையான சம்மதம் ஆகாது என்பது அதன் நியாயம்.

இந்தியாவில் 2004ல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் மீதான வழக்கில், குறையுள்ள டீசல் காரைப் புது கார் என்று விற்றதற்காக உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் 2006ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி பாகத்தை மாற்றுவதற்குத்தான், முழு காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. 2010ல் ஃபியட் கார் ஒன்றின் என்ஜின் சத்தம் பற்றிய வழக்கில், தயாரிப்பிலேயே குறை உண்டா என்று சுதந்திரமான நிபுணர் பார்த்துச் சொல்லட்டும், இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற முடிவை ஏற்றது.

இந்த மூன்றிலிருந்தும் என்ஜின் வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. கோபம் சாட்சி ஆகாது. நிபுணர் அறிக்கைதான் சாட்சி. பிஸ்டனில் கீறல் எங்கே விழுந்திருக்கிறது, பேரிங் எரிந்திருக்கிறதா, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் வண்டி நின்ற கோபத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து என்ஜினைப் பிரித்துவிட்டால் அத்தனையும் அழிந்துவிடும். பல புகார்கள் தோற்பது இந்த இடத்தில்தான். இரண்டு பேரும் முன்னால் நிற்க, போட்டோ எடுத்துக்கொண்டு பிரிப்பது நல்லது. கெட்ட பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அதைவிட நல்லது.

மெக்கானிக்கின் பக்கம்

மெக்கானிக்குக்கும் சட்டத்தில் ஆயுதம் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, திறமையும் உழைப்பும் போட்டு வேலை முடித்தவர் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை நகைத் தொழிலாளி வைத்திருக்கலாம் என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. வைரத்துக்குச் சொன்னது காருக்கும் பொருந்தும். ஆனால் பேசியபடி வேலை முடிந்திருக்க வேண்டும்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குச் சென்னையைச் சேர்ந்த ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் கம்பெனியின் வழக்கைப் பார்க்க வேண்டும். வால்வு இயக்கும் கருவிகளை விற்ற அந்தக் கம்பெனி, வாரண்டியில் திரும்பி வரக்கூடிய செலவுக்காக விற்றுமுதலில் 1.5 சதவீதத்தை ஒதுக்கியது. 1991-92 மதிப்பீட்டு ஆண்டில் அது 10 லட்சத்துக்கும் சற்று மேல். வராத செலவுக்கு ஏன் கழிவு என்று வருமான வரித்துறை கேட்டது. 2009ல் உச்ச நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆயிரக்கணக்கில் விற்கும்போது சில கருவிகள் கெட்டுத் திரும்பும் என்பது கடந்தகால அனுபவத்திலிருந்து கணக்கிடக்கூடிய விஷயம். எனவே உத்தரவாதம் விற்பனையோடு சேர்ந்து பிறக்கும் செலவு.

இதை நம்மூர் மெக்கானிக் ஷெட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கம்பெனிக்கு ஆயிரம் விற்பனை, அதில் சில தோல்வி. நஷ்டத்தை எல்லோர் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிவிடலாம். மாதம் இரண்டு மூன்று என்ஜின் வேலை எடுக்கும் மெக்கானிக்குக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு உடைந்த ராடு போதும், அந்த வருட லாபம் போய்விடும். அதிலும் பழைய கார் என்றால் கேட்கவே வேண்டாம். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இன்று ஒரிஜினல் பாகம் தேடினால், தயாரித்த கம்பெனியே கார் உற்பத்தியை 1980களின் இறுதியில் நிறுத்திவிட்டது. ஓட்டு வழக்கில் சொன்ன சங்கிலியின் மேல் கண்ணி அங்கே காணாமல் போய்விடுகிறது. 2021ல் மத்திய அரசு 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு "விண்டேஜ்" என்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. வண்டிக்கு மரியாதை வந்தது. பாகத்துக்கு வாரண்டி வரவில்லை.

இப்போதைய நிலை

2019ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்த விஷயத்துக்கு முக்கியமானவை சில.

முதலாவது, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோதான் கொடுக்க வேண்டும். என்ஜின் வேலையைக் கோவையிலோ மதுரையிலோ செய்திருந்தாலும், தேவதானப்பட்டிக்காரர் தேனி மாவட்ட ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, "பொருள் பொறுப்பு" என்று ஒரு தனி அத்தியாயம் வந்தது. பழுதுபார்ப்பவரும் அதன் வலைக்குள் வருகிறார். ஆனால் அது குறையுள்ள பொருளால் உடலுக்கோ மற்ற சொத்துக்கோ வரும் கேட்டுக்கு. அந்தப் பொருளே கெட்டுப்போவதும், வாரண்டி மீறலும் அதில் சேராது. எனவே போன என்ஜினுக்காகப் போகிறவர் பழைய பாதையில், அதாவது சேவைக் குறைபாடு என்றுதான் போக வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பொருளுக்கோ சேவைக்கோ பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிகமுறை என்று இந்தச் சட்டம் சொல்கிறது.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் மொத்தக் கதையும் வந்து முடிகிறது. லண்டன் நீதிமன்றம் பாரத்தைப் பணிமனை மேல் ஏற்றியபோது, அந்தப் பணிமனையிடம் ராடு யாரிடம் வாங்கியது என்பதற்கு ஆதாரம் இருந்தது. நம் பக்கத்தில் என்ஜின் வேலை பெரும்பாலும் வாய்வார்த்தையில் நடக்கிறது. வண்டிக்காரர் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் வேண்டாம் என்கிறார். மெக்கானிக் துண்டுச்சீட்டில் கணக்கு எழுதித் தருகிறார். அவரும் கடையில் பில் இல்லாமல்தான் பிஸ்டன் வாங்குகிறார். லேத் பட்டறையில் என்ன அளவு போட்டார்கள் என்று எழுதி வாங்குவதில்லை. எல்லாம் நன்றாக ஓடும்வரை எல்லோருக்கும் லாபம்.

வண்டி மலையில் நின்ற அன்று அந்த மிச்சத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்டிக்காரருக்குச் சட்டம் ஒரு வாசலாவது திறந்து வைத்திருக்கிறது. போட்டோ, பணம் அனுப்பிய ரசீது, போனில் வந்த மெசேஜ் என்று எதையாவது காட்டி அவர் உள்ளே போய்விடலாம். மெக்கானிக் நிலைமைதான் மோசம். அவர் நஷ்டத்தைக் கட்டிவிட்டு மேலே கடைக்காரரிடம் போய் வசூலிக்க வேண்டும். அப்படிப் போவதற்குக் கையில் வேண்டியது கடை பில், பாகத்தின் பெட்டி, லேத் பட்டறை அளவுச் சீட்டு, உடைந்த பாகம். இந்த நான்கும் இல்லையென்றால் சங்கிலி அவரிடமே அறுந்துவிடும். யாரோ எங்கேயோ செய்த ராடின் விரிசலுக்கு, அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாத ஒருவர் தன் கையிலிருந்து பணம் கொடுப்பார்.